மணி அடித்த பிறகு கண் விழித்த லாக்

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. எங்கள் பகுதி முழுக்கக் கரண்ட் போனது.
2. கரண்ட் வந்தது.
3. எங்கள் மாதா கோயிலில், பூசை உடுப்புகள் வைக்கும் அறையின் அலமாரியில் நான் பொருத்தியிருந்த சின்னக் கணினி எழுந்தது.
4. கோபுரத்து ஒலிபெருக்கியில் துக்க மணி அடித்தது.
5. கணினிக்குள் நடப்பதையெல்லாம் குறித்துவைக்க வேண்டிய லாக் அதற்குப் பிறகு எழுந்தது. எழுந்து, 'பிழை ஏதும் இல்லை' என்று எழுதியது.
6. கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் சிலர் மாலையோடு அருளப்பா தாத்தா வீட்டுக்குப் போனார்கள். தாத்தா காபி குடித்துக்கொண்டிருந்தார்.
7. நான் லாக்கை நம்பினேன்.
8. சவரி சித்தப்பா என்னை நம்பினார்.

முதல் ஆறையும் விபத்து என்று சொல்லிவிடலாம். ஏழாவதற்குக் காரணம் என் படிப்பு. எட்டாவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. (இறங்குகிறது. கொஞ்சம் மெதுவாக இறங்குகிறது.)

கணினி படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எந்தக் குறை சொன்னாலும் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டோம், 'லாக் எங்கே?' என்போம். பெங்களூரில் ஹெப்பாள் பக்கம் நான் வேலை செய்யும் சிறிய கம்பெனியில் இந்த வியாதி எனக்குத்தான் முற்றியிருந்தது. கேன்டீனில் சாம்பார் உப்பாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் என் குரலில் 'லாக் எங்கே?' என்று கேட்பார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கோயில் மணியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபுரத்தில் மணி தொங்கும் உத்திரம் உளுத்துவிட்டது என்றும், மாற்றும்வரை மணியை ஆட்டக்கூடாது என்றும் பார்க்க வந்த இன்ஜினியர் சொல்லிவிட்டார். பங்குப் பேரவை கூடிப் பேசியது. பூசைக்கு மணி இல்லாமல் எப்படி? அப்போது எழுந்து நின்றவள் நான். "ஃபாதர், ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போதும். மணியோட சத்தத்தைப் பதிவு பண்ணி, ஸ்பீக்கர்ல நேரத்துக்கு நேரம் தானா அடிக்கற மாதிரி நான் செஞ்சு தர்றேன்" என்றேன். கை தட்டினார்கள். கை தட்டினால் நான் எப்போதும் மயங்கிவிடுவேன்.

அதுவரை மணி அடித்துவந்தவர் என் சவரி சித்தப்பா. அப்பாவின் தம்பி. அப்பா போன பிறகு எங்கள் வீட்டு மாடி அறையிலேயே இருக்கிறார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயில்பிள்ளை வேலை அவருடையது: கதவு திறப்பது, பலிபீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவது, ஃபாதருக்கு உடுப்பு எடுத்து வைப்பது, மணி அடிப்பது. என் கணினி வந்ததும் கடைசி வேலை போயிற்று. ஒன்றே ஒன்றை மட்டும் அவரிடம் விட்டுவைத்தேன். துக்க மணி.

எங்கள் பங்கில் யாராவது இறந்தால் மணியை ஒற்றை ஒற்றையாக, நடுவில் மூச்சு விடும் அளவுக்கு இடைவெளி விட்டு அடிப்பார்கள். கேட்டதும் எல்லாரும் செய்கிற வேலையை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டு, யார் என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். வாட்ஸப் குழு இருக்கிறதே என்று கேட்காதீர்கள். குழுவில் செய்தி வந்தாலும், மணி அடித்தால்தான் செத்ததாக அர்த்தம். சாவுக்கு அட்டவணை கிடையாது என்பதால் அதற்கு மட்டும் தனியாக ஒரு பொத்தான் வைத்தேன். அதை அழுத்தினால் கணினியைத் தொடாமல் நேராக ஆம்ப்ளிஃபையரில் துக்க மணி ஒலிக்கும். பொத்தான் இருக்கும் அறையின் சாவி சித்தப்பாவிடம்.

இறந்தவர்களை நினைவுகூரும் கல்லறைத் திருநாளன்று மட்டும் துக்க மணி நேரப்படி தானாகவே அடிக்க வேண்டும். அதனால் அதன் ஒலிப்பதிவு கணினிக்குள்ளும் இருந்தது. இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கே இது நினைவில் இல்லை.

ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு மாலையில், ஜெபமாலை தொடங்குவதற்கு முன், துக்க மணி மூன்று முறை அடித்து நின்றது.

எங்கள் பங்கில் நீண்ட நாளாகப் படுத்த படுக்கையாக இருப்பவர் அருளப்பா தாத்தா. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அவர் மகள் ரோசலின் டீச்சர் பங்குப் பேரவையின் செயலாளர். மணி கேட்டதும் எல்லாருக்கும் ஒரே நினைப்பு. பூக்கடையில் மாலை வாங்கிக்கொண்டு நேராக அங்கே போய்விட்டார்கள். கதவைத் திறந்த டீச்சர் மாலையைப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

வந்தவர்களில் ஒரு அம்மா சமாளித்தார். "சும்மா... மாதா படத்துக்கு."

உள்ளேயிருந்து தாத்தாவின் குரல் வந்தது: "ரோசி, மணி அடிச்சுதே. யாரு போயிட்டா? கேட்டுச் சொல்லு."

இரண்டாவது முறை அது ஒரு மத்தியானம் நடந்தது. இந்தத் தடவை தாத்தாவே எண்ணத் தொடங்கிவிட்டார். "இதுவும் எனக்குத்தான் வந்திருக்காங்களா?" என்று கேட்டு, வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொன்னாராம். மூன்றாவது முறை யாரும் மாலை வாங்கவில்லை. வெறுங்கையோடு போய் எட்டிப் பார்த்தார்கள். ரோசலின் டீச்சருக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது.

பொத்தான் சித்தப்பாவிடம். சாவி சித்தப்பாவிடம். எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். சித்தப்பா, "நான் அழுத்தலீங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் லாக்கைப் பார்த்தேன்.

லாக் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணினியை எழுப்பினால் அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துவிடாது. முதலில் எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் வட்டு, பிறகு கடிகாரம், பிறகு ஒவ்வொரு வேலைக்குமான நிரல் என்று வரிசை உண்டு. ஒரு வீட்டில் காலையில் யார் முதலில் எழுந்து யார் கடைசியில் எழுவார் என்பதுபோல. நடப்பதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும் நிரல்தான் லாக். அது இந்த வரிசையில் எந்த இடத்தில் எழ வேண்டும் என்பதை அமைப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் அதைக் கடைசியில் வைத்திருந்தேன்.

அதற்குக் காரணங்கள் இருந்தன. (என்னிடம் எப்போதும் காரணங்கள் இருக்கும்.) கரண்ட் வந்த உடனே மணி தயாராக வேண்டும், பூசை தாமதமாகக் கூடாது, மணிதான் வேலைக்காரன், லாக் வெறும் குமாஸ்தா, அவர் சாவகாசமாக வரட்டும். அதோடு, லாக் எழுதும் செய்தி என் கைபேசிக்கும் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு இணையம் வேண்டும். எங்கள் கோயில் இணையம் எழுவதற்குள் ஒரு பரலோக மந்திரத்தை நிதானமாக இரண்டு தடவை சொல்லி முடித்துவிடலாம். ஆக, கணினி எழுந்து, மணி நிரல் எழுந்து, இணையம் எழுந்து, கடைசியாகத்தான் லாக் எழும். அதற்குமுன் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதவும் அதற்குத் தெரியாது.

மூன்று தடவைக்கான லாக்கையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் துக்க மணி இல்லை. அது மட்டுமில்லை: மணி கேட்டதாக ஜனங்கள் சொன்ன நேரத்துக்கு லாக்கில் ஒரு வரிகூட இல்லை, வெற்றிடம். அதற்குக் கொஞ்சம் பிறகுதான் 'கணினி தொடங்கியது' என்ற முதல் வரியே வருகிறது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வரி இல்லாத நேரத்தில் கணினி அணைந்திருந்தது என்று நினைத்தேன். அணைந்திருக்கும் கணினி எப்படி மணி அடிக்கும்? எனக்கு அது அவ்வளவு அழகான நிரூபணமாகத் தெரிந்தது.

அன்று சாப்பிடும்போது அதைச் சொல்லிவிட்டேன்.

"சித்தப்பா, கம்ப்யூட்டர் அடிக்கலை. அப்ப அது எந்திரிக்கவே இல்ல. லாக்ல இருக்கு."

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப யாரு அடிச்சது?"

"பொத்தான்ல இருந்துதான் வந்திருக்கணும்."

"சாவி என் இடுப்புல இருக்கே, ரெஜி."

நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அதை நாகரிகம் என்று நினைத்தேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, மிகவும் சாதாரணமாக, "எங்கப்பாவுக்கும் கடைசியில இப்படித்தான் ஆரம்பிச்சுது. செஞ்சதை மறந்துடுவாரு" என்றார்.

அம்மா நர்ஸ். அரசு ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டில் இருந்து பழகியவர். மறுநாள் காலையிலிருந்து மருத்துவம் தொடங்கியது.

"சவரி, இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய், அண்ணி."

"நூறுலருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லு."

"எனக்கு ஸ்கூல்லயே அது வராது, அண்ணி. அப்பவும் மறதியா?"

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் அறைக் கதவில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன். அன்றைய வேலைகளை வரிசையாக எழுதி, முடித்ததும் கோடு போடச் சொன்னேன். கடைசி வரி: 'பொத்தானைத் தொட்டேனா?' அதற்கு எதிரே அவர் தினமும் 'இல்லை' என்று எழுதினார். கொஞ்ச நாளில் 'இல்லை என்று நினைக்கிறேன்' என்று எழுதத் தொடங்கினார். முப்பது வருடம் கயிற்றைப் பிடித்த மனிதர், தன் விரலைத் தானே சந்தேகப்படத் தொடங்கிவிட்டார். அதற்கான பேனாவை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். (நல்ல பேனா. நான்கு நிறம்.)

ரோசலின் டீச்சர் எழுத்தில் புகார் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசைக்கும் கன்னடப் பூசைக்கும் நடுவில், மறைக்கல்வி அறையில் பேரவை கூடியது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா முன் பெஞ்சில். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார்.

எங்கள் ஃபாதருக்குத் தாய்மொழி கன்னடம். தமிழ் நன்றாகப் பேசுவார். பதற்றம் வந்தால் மட்டும் கன்னடம் முந்திக்கொள்ளும்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க."

"சொல்ல என்ன இருக்கு ஃபாதர்? எங்கப்பாவை மூணு தடவை சாகடிச்சாச்சு. இன்னும் ஒரு தடவை அடிச்சா அவரே நம்பிடுவாரு."

"சவரி, ஏனாயித்து, என்ன ஆச்சு? நீங்கதான் அழுத்தினீங்களா?"

சித்தப்பா எழுந்து நின்றார். "அழுத்தினதா எனக்கு நெனப்பு இல்ல ஃபாதர். ஆனா அழுத்தலைன்னு சத்தியம் பண்ணவும் முடியல. ரெஜி மெஷினைத் திறந்து பார்த்திருக்கா. அதுல எல்லாம் எழுதியிருக்குமாம். அவ சொல்றதுதான் சரியா இருக்கும்."

இந்த இடத்தில் ஒரு மனுஷி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான் புரொஜெக்டர் கொண்டுபோயிருந்தேன்.

சுவரில் இருந்த நல்லாயன் இயேசுவின் படத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் என் முதல் பக்கத்தைக் காட்டினேன். 'துக்க மணி: ஓர் ஆய்வு.' புள்ளி ஒன்று, மணி ஒலிக்க இரண்டே வழிகள்: கணினி, பொத்தான். புள்ளி இரண்டு, மணி ஒலித்த நேரத்தில் கணினி இயங்கவில்லை. ஆதாரம், லாக். புள்ளி மூன்று—

மூன்றை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. சுவரில் அது தெரிந்தது. எல்லாரும் படித்தார்கள். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நான் இதை யார் மேலயும் பழியாச் சொல்லலை. இது வெறும் தகவல்" என்றேன். என் குரல் அன்றைக்கு மிகவும் நன்றாக இருந்தது. நிதானமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல். அலுவலகத்தில் அந்தக் குரலுக்காகவே என்னை வாடிக்கையாளர் கூட்டங்களுக்கு அனுப்புவார்கள்.

"லாக் தப்பா எழுதாதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"லாக் பொய் சொல்லாது, அங்கிள்."

சித்தப்பா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். அதில் ஒரு சாவி மட்டும் தனியாக, சிவப்பு நூல் கட்டி இருந்தது. "வேற யாராவது நல்ல நெனப்பு உள்ளவங்ககிட்டக் குடுங்க ஃபாதர். கோயில் விஷயம். எனக்கு இனிமே..." என்று கையை நீட்டினார். ஃபாதர் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தார்.

கரண்ட் போயிற்று.

சுவரிலிருந்து என் மூன்று புள்ளிகளும் மறைந்தன. ஃபேன் நின்றது. "ஒன் நிமிஷ, ஒன் நிமிஷ, வந்துடும்" என்றார் ஃபாதர். சித்தப்பா நீட்டிய கையை மடக்கவில்லை. சாவி ஃபாதருக்கும் அவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்திய அரை இருட்டிலும் நான் புரொஜெக்டர் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன்.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. மேலே ஸ்பீக்கரில் ஒரு சின்னக் கரகரப்பு.

பிறகு, துக்க மணி.

பழக்கம் என்ன செய்யும் பாருங்கள்: அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது மணிக்கு ஒருவர் இறந்தோருக்கான செபத்தையே தொடங்கிவிட்டார். மூன்றாவது மணியில்தான் எல்லார் கண்ணும் ஒரே திசையில் திரும்பியது. முன் பெஞ்சில், எல்லாரும் பார்க்க, சித்தப்பா கையை நீட்டியபடி நின்றார். கையில் சாவி. பூட்டிய அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம்.

மணி நின்றது. அந்த அமைதியில் ரோசலின் டீச்சரின் கைபேசி அடித்தது. பதற்றத்தில் அவர் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"ரோசி," அருளப்பா தாத்தாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நான் வீட்லதான் இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன். அவங்ககிட்ட சொல்லிடு."

யாரோ சிரிக்கப் பார்த்து இருமலாக மாற்றினார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, அப்பாவின் குரல் கேட்ட நிம்மதியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது என் கைபேசியில் ஒரு ஒலி வந்தது. என் லாக். இணையம் எழுந்து, அதுவும் எழுந்து, கடமை தவறாமல் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தது.

"ஏனு பந்த்து, என்ன வந்திருக்கு?" என்று கேட்டார் ஃபாதர். "படிங்க."

"வேண்டாம் ஃபாதர்."

"பரவாயில்ல, படிங்க. தகவல்தானே."

படித்தேன். "கணினி இப்போது தொடங்கியது. பிழை ஏதும் இல்லை. மணி எதுவும் அடிக்கப்படவில்லை."

ஃபாதர் மேலே கோபுரத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "நாங்க எல்லாரும் கேட்டோமே, ரெஜி" என்றார். மிகவும் மென்மையாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்கும்.

ரோசலின் டீச்சருக்குத் தெம்பு திரும்பியிருந்தது. "அப்ப உன் மெஷின் எல்லாம் முடிஞ்சப்புறம் எந்திரிச்சு வந்து, ஒண்ணும் நடக்கலைன்னு எழுதி வைக்குமா? எங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான். ரெண்டாவது பீரியட்ல வந்து முதல் பீரியட்ல டெஸ்டே வைக்கலைன்னு சாதிப்பான்."

"இல்ல டீச்சர், அது வந்து, எழுந்திருக்கற வரிசையில—"

"எங்கப்பாவை மூணு தடவை கொன்னது நீதானா?"

"நாலு" என்றார் பின்னாலிருந்த அங்கிள்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் எங்களில் யாரையும் கவனிக்கவில்லை. சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், அறையில் வேறு யாருமே இல்லாததுபோல, கேட்டார்.

"அப்ப நான் இல்லதானே, ரெஜி?"

"இல்ல சித்தப்பா."

"எனக்கு நெனப்பு சரியாத்தான் இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு."

அவர் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து ஃபாதர் பக்கத்தில் போனார். துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டும்தான் என்று பிறகு அம்மாவிடம் சொன்னாராம்.

அன்று மத்தியானமே என் நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. நான் எழுதியதை நானே சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று விட்டிருந்தேன். தொடக்கத்திலேயே அது இருந்தது. வீட்டு மேசையில் இந்தக் கணினியைத் தயார் செய்தபோது, ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு சோதனை எழுதியிருந்தேன்: கணினி எழுந்ததும் ஒரு மணியை மூன்று முறை ஒலிக்கச் செய்யும். கனமான ஒலி எதுவோ அதுதான் சோதனைக்குப் பொருத்தம் என்று துக்க மணியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை எடுக்க மறந்துவிட்டேன். கோயிலில் பொருத்திய அன்று கணினி எழுந்த பிறகுதான் எலக்ட்ரீஷியன் ஆம்ப்ளிஃபையரைப் போட்டார். பிறகு யூபிஎஸ் ஒரு வருடம் கணினியை அணைய விடவில்லை. அதன் பாட்டரி செத்த நாளிலிருந்து, கரண்ட் போய் வரும்போதெல்லாம் என் சோதனை பங்கு முழுவதற்கும் கேட்டது. லாக்குக்கு மட்டும் கேட்கவில்லை.

ஆக, எங்கள் வீட்டில் ஒருவருக்கு மறதி இருந்தது உண்மைதான். நூறிலிருந்து ஏழு ஏழாக அம்மா கழிக்கச் சொன்னது தவறான ஆளிடம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். நான் பரிகாரம் செய்யக் கிளம்பினேன். சோதனையை எடுத்தேன், அது சரி. அடுத்து, லாக்கைக் கடைசி இடத்திலிருந்து தூக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். வட்டுக்கும் முன்னால். லாக் 'நான் தயார்' என்று சொல்லும்வரை வேறு எதுவும் எழக்கூடாது என்றும் கட்டளை போட்டேன். இனி என் கண்ணில் படாமல் ஒரு துரும்பும் அசையாது என்ற வைராக்கியம். கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்து எழுப்பிப் பார்க்கவில்லை. கரண்ட் போய் வருவதற்காகச் செய்த மாற்றத்தை, கரண்டை நிறுத்திச் சோதிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை கரண்ட் போய் வந்தது. லாக் முதலில் எழுந்தது. தயார் என்று சொல்ல, எழுதுவதற்கு ஓர் இடம் வேண்டும். இடம் வட்டில். வட்டு, லாக் தயாராகட்டும் என்று காத்திருந்தது. இரண்டு மரியாதைக்காரர்கள் வாசலில் நின்று "நீங்க மொதல்ல போங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதுபோல, இரண்டும் நின்றன. மணி நிரல் இருவருக்கும் பின்னால் நின்றது. பூசைக்கு மணி அடிக்கவில்லை. ஜனங்கள் வரவில்லை. ஃபாதர் காலியான பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு பலிபீடத்தில் நின்றார்.

சித்தப்பா பீடத்தில் பிள்ளைகள் ஆட்டும் கைமணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். முதல் கிராஸ், இரண்டாவது கிராஸ் என்று குறுக்குத் தெருக்களில் நடந்து நடந்து அடித்தார். ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்து இரண்டு குழந்தைகள் ஓடிவந்தன. அவர்களுடைய அம்மாக்கள் பின்னால் வந்தார்கள். பூசைக்கு ஆள் சேர்ந்தது. அன்று அவருடைய நடையை நான் பார்த்தேன். அந்தத் தெரு முழுக்கத் தன் கோபுரம் என்பதுபோல நடந்தார்.

பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். லாக் எவ்வளவு முன்னால் எழ முடியுமோ அவ்வளவு முன்னால் எழ வேண்டும். ஆனால் அதற்காக யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது. வட்டு வரும்வரை நடப்பதைத் தன் நினைவில் வைத்துக்கொண்டிருந்து, வந்ததும் எழுதிவிட வேண்டும். இணையம் வந்தால் வரட்டும், அது வேறு விஷயம். இவ்வளவுதான். என் தொழிலில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்பது. நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன், பலகையில் படம் போட்டு.

வீட்டில் அதன்பிறகு எனக்கு நிம்மதி இல்லை. எந்த விஷயத்திலாவது நான் தீர்ப்புச் சொல்ல வாய் திறந்தால் போதும். அம்மாவும் சித்தப்பாவும் பால்காரர் விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் பாதியில் வந்து, "சித்தப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்" என்பேன். இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்புவார்கள்.

"ரெஜி, நீ எப்ப எந்திரிச்ச?" என்பார் சித்தப்பா.

"இப்பத்தான் எந்திரிச்சிருக்கா. பிழை ஏதும் இல்லையாம்" என்பார் அம்மா.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையும் கணினிக்காரர்தான். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, தயங்கித் தயங்கி, "வட்டுக்கு முன்னாலயேவா வெச்சீங்க?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். யோசித்துப் பதில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

கோயிலில் இப்போது நிலைமை இது. யூபிஎஸ்ஸுக்குப் புது பாட்டரி போட்டாகிவிட்டது. லாக் மணிக்கு முன்பே எழுகிறது. எழுதுவது சரியாக இருக்கிறது. ஆனாலும் மணி விஷயத்தில் ஏதாவது சந்தேகம் வந்தால் ஃபாதர் முதலில் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கிறார். அவர் 'இல்லை' என்றால், இல்லை. லாக்கைப் பிறகுதான் திறக்கிறோம்.